முன்கதவும் பின்கதவும்

திருவிழா ஞாயிறு மதியம், நான் சுட்டு அடுக்கியிருந்த அரிசி டார்ட்டுகளை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, என் கணவன் செர்வே முயல் சுடும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் தோட்டா போட்டான்.

"உன் தம்பி இந்த வாசப்படிய மிதிக்கட்டும், சுட்டுர்றேன்."

"முயலே உனக்குச் சரியா சிக்கினதில்ல," என்றேன். வாய்ச்சவடால் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் திருவிழா என்றால் கிராமிஞோன் ஆட்டம்தான். ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து, பேண்டு வாத்தியத்தோடு ஊரே வளைந்து வளைந்து போகும். எந்த வீட்டு முன்கதவிலும் நுழைந்து பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடலாம். சாவு விழுந்த வீடு மட்டும்தான் கதவைச் சாத்தும். ஆட்டம் முடியும்வரை பிடித்த கையை யாரும் விடக்கூடாது. பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்தவர்கள் வரைபடத்தில் கோடு கிழித்து, எங்களைப் பிரெஞ்சு பேசும் லியேஜ் மாகாணத்திலிருந்து பிய்த்து ஃபிளெமிஷ் பேசும் லிம்பர்க்கில் ஒட்டியதிலிருந்து இதுவும் இரண்டாகிவிட்டது. பேண்டு இரண்டு, பீர்க்கடை இரண்டு, ஆட்டம் இரண்டு. தன்னைப் பிரெஞ்சுக்காரன் என்று சொல்லிக்கொள்கிறவனும் ஃபிளெமிஷ்காரன் என்று மார்தட்டுகிறவனும் வீட்டில் பேசுவதென்னவோ இரண்டிலும் சேராத ஒரே ஊர்ப்பேச்சு. ஒருவன் அம்மாவை ஒருவன் இழுத்துத் திட்டுவதும் அதில்தான். இந்தக் கூத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செர்வே பிரெஞ்சுப் பக்கம். என் தம்பி யூப் எதிர்ப் பக்கம். வசந்தத்தில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய வெளியூர் ஃபிளெமிஷ்காரர்கள், ஊர்வலம் என்ற பெயரில் செர்வேயை மாதா கோவில் சுவரோடு சாய்த்து அடித்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. அடித்தவர்களில் ஒருவன், பின்னாலிருந்து, எங்கள் ஊர்ப்பேச்சில் கெட்டவார்த்தை சொன்னான். அது யூப்பின் குரல்தான் என்று செர்வே சாதித்தான். நான் இல்லை என்றான் யூப். நான் தம்பியை நம்பினேன். ஆனால் ராத்திரி ரொட்டியைப் பாலில் ஊறவைத்து செர்வே விழுங்குவதைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

அந்தத் திருவிழா ஞாயிறு யூப்தான் ஃபிளெமிஷ்காரர்கள் ஆட்டத்துக்குத் தலை. தண்ணீர் பம்பு அருகே நேராகப் போயிருக்க வேண்டிய வரிசை எங்கள் வாசலுக்குத் திரும்பியது. இது எங்கள் அப்பா கட்டிய வீடு. யூப் பிறந்தது மாடி அறையில். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"வழி விடுக்கா. நம்ம வீட்டுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போயிர்றோம்," என்றான். ஒரு கையில் அவன் மனைவி கெர்தாவின் கை. மறுகையில் உயர்த்திப் பிடித்த பூங்கொத்து.

எனக்குப் பின்னாலிருந்து வெடித்தது. பூங்கொத்தைக் காணவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களில் மூன்றையும் காணவில்லை. ரத்தம் கதவிலும் என் முகத்திலும் அடித்தது. யூப் படியில் சரிந்தான். கெர்தாவின் கையை மட்டும் விடவில்லை. நான் ஏப்ரனை அவிழ்த்து அவன் கையை இறுக்கிக் கட்டினேன்.

"அன்னிக்கு அடிச்சது நீதானடா," என்றான் செர்வே.

"நான் இல்ல மச்சான்."

"உன் குரலக் கேட்டேன்."

"இந்த ஊர்ல எவன்தான் வேற மாதிரி பேசுறான்?" என்றான் யூப்.

அவனைப் பேக்கரி வேனில் தூக்கிப் போட்டார்கள். கெர்தாவும் ஏறினாள். வரிசையின் வால் தெருமுனைக்கு அப்பால் இருந்தது. அங்கே விஷயம் தெரியாமல் டிரம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் கைகளை உதறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருவன் பீர் பாட்டிலைச் சுவரில் உடைத்தான். "வெளிய இழுத்துப் போடுங்கடா அவன," என்றது ஒரு குரல். கெர்தாவுக்கு அடுத்து நின்ற கசாப்புக்கடை ஹெண்ட்ரிக்ஸ் எங்கள் வேலிக் கட்டையைப் பிடுங்கிவிட்டான். அவனுடைய மறுகை மட்டும் இன்னும் பின்னால் நின்றவளின் கையில் இருந்தது. செர்வேயிடம் இன்னொரு தோட்டா இருந்தது. அது தீர்ந்ததும் அவனை அடித்தே கொன்றுவிடுவார்கள். என் புருஷனை எனக்கு அந்த நிமிஷம் கொன்றுபோடத்தான் தோன்றியது. ஆனாலும் அவன் சாகக் கூடாது. கைகோத்து ஆடுகிறவன் கட்டையைத் தூக்க முடியாது.

ஹெண்ட்ரிக்ஸின் முன்னால் போய் ரத்தக் கையை நீட்டினேன்.

"கட்டையக் கீழ போடு. கையக் குடு. ஆட்டம் பாதியில நிக்குது."

"உன் புருஷன் சுடுவான்."

"சுட்டா எனக்குத்தான் மொதல்ல."

அவன் என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டை விழுந்தது. அவன் கை என் கையைப் பிடித்ததும் அவன் பின்னால் ஒவ்வொரு கையாகத் திரும்பக் கோத்துக்கொள்வது தெரிந்தது. பாட்டில் வைத்திருந்தவனும் அதைப் போட்டான்.

"யாரும் கைய விடாதீங்க," என்று சொல்லிவிட்டு ஆட்ட அடி எடுத்துவைத்துப் படியேறினேன்.

சமையலறைக்கு அப்பால் பின்கதவு திறந்து கிடந்தது; செர்ரி மரங்கள் தெரிந்தன. நடுவில் செர்வே நின்றான், பல் போன வாய் திறந்தபடி. துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஹெண்ட்ரிக்ஸின் கை என் கைக்குள் ரத்தத்தில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தேன்.