கோடு போடாத நட்டு

அப்பாவின் கட்டிலைத் தலைமாட்டுப் பக்கம் தம்பியும் கால்மாட்டுப் பக்கம் அவளுமாகத் தூக்கியபோதுதான் சுவரோரம் அந்த அட்டைப்பெட்டி தெரிந்தது. அப்பாவை முன்னறையில் கிடத்தியாயிற்று. வருகிறவர்கள் உட்கார இந்த அறையையும் காலி செய்தாக வேண்டும்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம், தூக்குக்கா."

அவள் கட்டிலை இறக்கிவிட்டாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே இருப்பது எஞ்சின் எண்ணெயின் சூட்டைத் தணிக்க அவளே போய் வாங்கி வந்த ஆயில் கூலர். ஒன்றரைச் சாண் நீளம். இந்நேரம் அது படகுத்துறையில், அவசரக்காரரின் படகுக்குள் அல்லவா இருக்க வேண்டும்?

அப்படியானால் அங்கே பூட்டியிருப்பது எது?

அவசரக்காரர் என்பது படகு மெக்கானிக்கான அப்பா வைத்த பெயர். பந்தயப் படகு வைத்திருப்பவர், எந்த வேலையையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்பார். இரண்டு மாதத்துக்கு முன் அவர் எஞ்சினின் பேரிங் நொறுங்கி, நடுக்கடலில் நின்றுபோயிற்று. புது எஞ்சின் வந்தது. கூலர் தேர்ந்தெடுக்கும் அன்று, "இருக்கறதுலயே பெருசா போட்ருங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"எண்ணெய்க்குக் கொஞ்சம் சூடும் வேணுங்க. சூடே ஏறலன்னா அதுல தண்ணி தங்கிடும்" என்றார் அப்பா. "என் தொப்பிய உங்க தலையில வச்சா கண்ணு மறைஞ்சிடாது?"

"அப்ப உங்க தலை பெருசுன்னு ஒத்துக்கறீங்க."

அன்றைக்கு அப்பா நன்றாகச் சிரித்தார்.

பழைய கூலர் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பே கிடையாது. பேரிங் நொறுங்கினால் கூலரையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். இரும்புப் பொடி அதன் மெல்லிய குழாய்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் வராது. அதையே புது எஞ்சினுக்குப் பூட்டினால், பொடி எண்ணெயோடு வந்து அதையும் தின்றுவிடும். முப்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசி வேலையில் பெட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

இந்த ஆறு மாதமாக அவருக்கு ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவர் வேலை முடித்துப் போனபின், சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் போய் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பாள். இறுக்கி முடித்த நட்டின் மேல் அப்பா மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார், பாதி நட்டில், பாதி குழாயில். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அவள் மறுபடி இறுக்கினாலும் உடையும். துடைத்துவிட்டுப் புதிதாக இழுப்பாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். கோடு கொஞ்சம் சாய்ந்து விழும். அப்பா ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

இந்தப் படகுக்கு மட்டும் அவள் போகவில்லை. அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிட்டு வந்தாள். கால் கடுத்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டாள். மறுநாள் அப்பா படுக்கையில் விழுந்தார். பன்னிரண்டு நாள்.

முன்னறையில் அவசரக்காரர் அப்பாவின் காலடியில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஸ்டார்ட் பண்றப்ப நான் பக்கத்துல இருப்பேன், அதுவரைக்கும் சாவியத் தொடக்கூடாதுன்னு உங்கப்பா சொன்னாரும்மா. நானும் தொடல. நாலு மணிக்கு அடக்கம் முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயி ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன். அவர் கையால பூட்டினது. அவருக்குக் கேக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். பின்கட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள்.

"அப்பா தப்புப் பண்ணிட்டாருன்னு இன்னைக்கே சொல்லணுமாக்கா? அவர் கிடக்கும்போதேவா?"

"சொல்லல. போய் மாத்திட்டு வரேன். ஒரு மணி நேரம்."

"அத்தை கேட்டா?"

"குளிக்கறேன்னு சொல்லு."

"ஒரு மணி நேரமா?"

"அழுதுட்டே குளிக்கறேன்னு சொல்லு."

அப்பாவின் பட்டறை ஆணியில் தொங்கிய ஸ்பேனரையும் எண்ணெய் டப்பாவையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். துறையில் வெயில் கண்ணைக் குத்தியது. படகின் எஞ்சின் மூடியைத் தூக்கினாள். பழைய கூலர்தான். பித்தளைக் கழுத்தில் உப்புப் பூத்திருந்தது.

கடல்தண்ணீர் வால்வை அடைத்தாள். ஹோஸ் இரண்டையும் கழற்றி, கூலரை வெள்ளைத் துணியின் மேல் கவிழ்த்தாள். எண்ணெய் சொட்டியது. துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இரும்புப் பொடி மினுமினுத்தது.

புதியதை வைத்துக் கீழ்வழி எண்ணெய் உள்ளே, மேல்வழி வெளியே என்று பூட்டினாள். அப்படிப் பூட்டினால்தான் காற்று சிக்காது. முதலில் அதற்குள் எண்ணெயை நிரப்பிக்கொள்ள மறக்கவில்லை. இரண்டு நட்டையும் இறுக்கி, வால்வைத் திறந்துவிட்டாள். பழைய கோட்டைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

குனிந்து, தடவிப் பார்த்தாள். எஞ்சினில் அப்பா தொட்ட மற்ற நட்டுகளிலெல்லாம் அவருடைய நேர்க்கோடு இருந்தது. இந்த இரண்டில் மட்டும் இல்லை. ஹோஸுக்குப் பின்னால், கையை விட்டால் படுகிற இடத்தில், மஞ்சள் பேனா செருகியிருந்தது. இடதுகைப் பக்கமாக.

சாயங்காலம் அவள் வந்து சரிபார்ப்பது அப்பாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது; இந்த இரண்டை அவளுக்கென்று விட்டிருக்கிறார். படகு மெல்ல ஆடியது. பேனாவின் மூடியைத் திறந்தாள். பன்னிரண்டு நாளில் முனை காய்ந்திருந்தது. கட்டைவிரலில் தேய்த்துத் தேய்த்து ஈரமாக்கி, இரண்டு கோடு இழுத்தாள்.

வீட்டு வாசலில் அவசரக்காரர் எதிர்ப்பட்டார்.

"எங்கம்மா போயிட்ட? எல்லாரும் தேடறாங்க."

"உங்க படகுக்குத்தான். பழைய கூலர் தவறி உள்ள இருந்தது. மாத்திட்டேன்." சொல்லக்கூடாது என்றுதான் வந்தாள். சொல்லிவிட்டாள். "கடைசியா ஒருதடவை பாத்துக் கோடு போடச் சொல்லி அப்பா என்கிட்ட விட்டிருந்தாரு. நான்தான் லேட்டு."

அவர் அவளுடைய எண்ணெய்க் கையைப் பார்த்தார். அப்பா இருந்த பக்கம் பார்த்தார்.

"அப்ப சாயங்காலம் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். முதல் கால்மணி நேரம் மெதுவா ஓட்டுங்க. எண்ணெய் சூடாகட்டும்."

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்துபோயிருந்தார்கள். தம்பி அவள் தோளைத் தொட்டான்.

"வாக்கா, போலாம்."

"இரு."

தூரத்தில் ஒரு எஞ்சின் தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அவசரக்காரர் இத்தனை மெதுவாக ஓட்டி அவள் கேட்டதே இல்லை. அவள் கட்டைவிரல் மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்து அந்தச் சத்தம் உயர்ந்தது. பிசிறில்லாமல் உயர்ந்தது.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.