நூறைத் தாண்டாத எத்திராஜ்

எத்திராஜ் கேமரா வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை அவர் எடுத்ததில் நன்றாக வந்தவை: அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டி, கிளப் ஹவுஸ் பிள்ளையார், மேம்பாலத்தின் ஒரு தூண், கேட்டில் தூங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டி. அதிலும் செக்யூரிட்டி நடுவில் கொட்டாவி விட்டதால் வாய் மட்டும் கலங்கிப்போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஐ.எஸ்.ஓ. கேமராவில் அது ஓர் எண். ஏற்றினால் கொஞ்சம் வெளிச்சமே போதும், சட்டென்று படம் பிடித்துவிடும். ஆனால் ரவையைத் தூவினாற்போல் படம் முழுக்கப் புள்ளி விழும். இறக்கினால் படம் பளிங்கு மாதிரி சுத்தம். ஆனால் போதிய வெளிச்சம் சேரும்வரை கேமரா கண்ணைத் திறந்தபடி காத்திருக்கும். எதிரில் இருப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

புள்ளி விழுந்த படம் படமே அல்ல என்று ஏதோ ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அன்று முதல் எத்திராஜ் நூறைத் தாண்டுவதில்லை என்று விரதம் பூண்டார். இத்தனைக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனியில் அவருக்கு ஆட்டோமேஷன் பிரிவில்தான் வேலை. மனிதர்கள் கையால் செய்வதை இயந்திரமே செய்யும்படி ஆக்குவதற்குச் சம்பளம். கேமராவில் மட்டும் 'ஆட்டோ' என்ற எழுத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்.

"உங்க கேமராவுல நான் நல்லா விழணும்னா செத்துத்தான் போகணும்போல" என்பாள் அவர் மனைவி உஷா.

அந்த உஷாதான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அபார்ட்மெண்ட் ஷட்டில் போட்டியின் இறுதியாட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே சி பிளாக் மௌரீன். மூன்று வருடமாக இதே இருவர். மூன்று வருடமாகக் கோப்பை மௌரீன் வீட்டு டி.வி. பக்கத்தில். இந்த முறை அதை வாங்கியே தீருவது என்று உஷா ஆறு மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து பயிற்சி செய்தாள். எத்திராஜும் தன் பங்குக்கு அந்த நேரத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஆதரவு தந்தார்.

பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் நாலு கார் இடத்தை மடக்கிக் கட்டிய கோர்ட் அது. உச்சியில் ஆறு விளக்குகள், இரண்டு எரியவில்லை. மௌரீன் பக்கத்து மூலையில் ஸ்டாண்டைப் போட்டு, கோடும் வலையும் வலைக்கு அந்தப் பக்கம் உஷாவும் தெரியும்படி கேமராவை மாட்டி, எண்ணை நூறில் வைத்தார் எத்திராஜ்.

ஆளுக்கு ஒரு கேம் ஆகி, மூன்றாவதில் இருபதுக்கு இருபது. அசோசியேஷன் விதிப்படி டியூஸ் கிடையாது. அடுத்த புள்ளிதான் கோப்பை.

உஷா ஓங்கி அடித்தாள். இறகுப்பந்தான காக் மௌரீனின் தலைக்கு மேல் பறந்து பின்கோட்டு மூலையில் விழுந்தது.

"இன்!" என்று கத்தினாள் உஷா.

"அவுட், உஷா! என் காலுகிட்டதான் விழுந்துச்சு, எனக்குத் தெரியாதா?" என்றாள் மௌரீன்.

ஏ பிளாக் ஒரு பக்கம், சி பிளாக் ஒரு பக்கம் கத்த ஆரம்பித்தது. நடுவராக உட்கார்ந்திருந்த செயலாளர் சீனிவாசராகவன் எழுந்து, பரம்பரை பெங்களூர்க்காரர் ஆதலால், கோபத்தைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். "ஸ்வல்ப சும்னிரி! எல்லாரும் வாய மூடுங்கோ! எத்திராஜ், அந்த மூலையைத்தானே எடுத்துண்டிருந்தீர்? படத்தைக் காட்டும். அதுல இருக்கறதுதான் தீர்ப்பு."

எத்திராஜின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. பதினான்கு மாதத்தில் அவர் படத்தைப் பார்க்க யாராவது ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை.

நாற்பது தலைகள் சின்னத் திரையின்மேல் கவிழ்ந்தன. கோடு அற்புதமாக விழுந்திருந்தது. தரையில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணியையும் எண்ணலாம். மௌரீன் இருக்க வேண்டிய இடத்தில் ஊதுவத்திப் புகை மாதிரி ஏதோ இருந்தது. உஷா அதுவும் இல்லை. காக் மட்டும் கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் தொடங்கி வெளியே அரை முழம் வரை வெள்ளையாக நீண்டு கிடந்தது.

"இது காக்கா, கொக்கா?" என்றார் சீனிவாசராகவன்.

"'இன்'னும் இருக்கு, 'அவுட்'டும் இருக்கு. ரெண்டு பேருக்கும் கோப்பைய பாதியா உடைச்சுக் குடுத்துடலாம்" என்று யாரோ சொல்ல, பேஸ்மெண்டே சிரித்தது. உஷா சிரிக்கவில்லை. எத்திராஜைப் பார்த்த பார்வையில், இனி ஆறு மாதத்துக்கு உப்புமாதான் என்று எழுதியிருந்தது.

"வெளிச்சம் கம்மி..." என்று முனகினார் எத்திராஜ்.

மௌரீனின் கணவர் நோயல் நல்ல மனிதர். கிண்டல் செய்யத் தெரியாதவர். அதனால்தான் அவர் கேட்டது அதிகம் வலித்தது. "வெளிச்சம் கம்மியா இருந்தா ஐ.எஸ்.ஓ. ஏத்தணும்னு நீங்கதானே சார் போன வாரம் லிஃப்ட்டுகிட்ட நிக்கவெச்சு முக்கா மணி நேரம் சொன்னீங்க? ஏத்தினா அசையறதுகூட அப்படியே நிக்கும்னீங்களே. அப்புறம் ஏன் சார் ஏத்தல?"

எத்திராஜுக்குப் பதில் தெரியும். மனைவியின் கோப்பையைவிடப் படத்தின் சுத்தம் பெரிதாகப் போயிற்று என்று எந்தப் புருஷன் நாற்பது பேர் முன்னால் சொல்வான்?

அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார் செயலாளர். எத்திராஜ் எண்ணை ஏற்றினார். நானூறு. ஆயிரத்து அறுநூறு. தாடிக்காரர் மனக்கண்ணில் தலையிலடித்துக்கொண்டார். பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் நிறுத்தினார். மாலை போட்டவன் பிரியாணிக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ஆட்டம் நீண்டது. உஷா பின்னால் ஓடி, எகிறி, மறுபடி அதே மூலைக்கு அடித்தாள். கேமரா படபடவென்று பொரிந்தது.

"இன்!"

"அவுட்!"

எத்திராஜ் கேமராவைத் தன் பக்கம் திருப்பி முதலில் தான் மட்டும் பார்த்தார். படம் முழுக்கப் புள்ளி. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே காக் நின்றது. இறகு இறகாக, தரையைத் தொட்டபடி, தெள்ளத் தெளிவாக.

கோட்டுக்கு ஒரு விரல்கடை வெளியே.

அவர் தலை நிமிரவில்லை. 'இதுவும் கலங்கிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உலகத்தில் வேறு யார் சொன்னாலும் ஆதாரம் கேட்பார்கள். எத்திராஜ் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பதினான்கு மாதம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அது. இன்னொரு தடவை ஆடவிடுவார்கள். உஷா ஜெயிக்கலாம். வீட்டில் உப்புமா நிற்கலாம்.

வாயைத் திறந்தார். அந்தப் பொய் மட்டும் வெளியே வரவில்லை. பின்னால் எல்லோரும் அதை நேர்மை என்று பாராட்டினார்கள். சீனிவாசராகவன் கோப்பை கொடுக்கும்போது மைக்கில்கூடச் சொன்னார். நேர்மையாவது, மண்ணாங்கட்டியாவது! வாழ்க்கையில் முதன்முதலாக ஓடுகிற பொருள் ஒன்றைத் தெளிவாக எடுத்திருக்கிறார். அதைப் போய்க் கலங்கியது என்று தன் வாயாலேயே சொல்வதா?

"சூப்பரா வந்திருக்கு! பாருங்க, பாருங்க, ஒவ்வொரு இறகும் தெரியுது!" என்று கூவிக்கொண்டே கேமராவைத் திருப்பினார்.

உஷா குனிந்து பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மௌரீனிடம் கையை நீட்டினாள். "அவுட்தான். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

லிஃப்ட் மேலே ஏறியது. ஐந்தாவது மாடியில் உஷா கேட்டாள். "பொண்டாட்டி தோத்ததைச் சொல்றப்ப ஒரு மனுஷன் மூஞ்சி அப்படியா பல்லக் காட்டும்?"

"அது வந்து... நியாயம்னு ஒண்ணு..."

"நியாயமா? எங்கிட்டேயே ரீல் விடறீங்களா? கொண்டாங்க அதை." கேமராவை வாங்கி, தோற்ற படத்துக்கு முன்னால் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஓரிடத்தில் கை நின்றது. வலைக்கு அப்பால், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மட்டையை ஓங்கியபடி உஷா. பல்லைக் கடித்திருந்தாள். முன்நெற்றி முடி ஒன்று காற்றில் நின்றது.

லிஃப்ட் ஏழாவதில் திறந்து, மூடப் பார்த்தது. அவள் காலை வைத்துத் தடுத்தாள்.

"இவ்ளோ உசரமா எகிறினேன்?" என்றாள் மெதுவாக. "எனக்கே தெரியலயே. இத எனக்கு அனுப்புங்க. டி.பி. வெக்கணும்."

எத்திராஜ் எட்டிப் பார்த்தார். "முகம் பூரா புள்ளியா இருக்கு உஷா. ஒரு பத்து நிமிஷம் குடு, சாஃப்ட்வேர்ல போட்டுச் சுத்தம் பண்ணி..."

"அதுல கைய வெச்சுப் பாருங்க" என்றாள் உஷா. கேமராவைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.