பத்துக்குப் பத்து

எண்பத்தாறில் எங்கள் மட்டாஞ்சேரி பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கமலாக்ஷி அதற்குச் சந்தனம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று உத்தரவும் போட்டார். மெஷின் பொய்யே சொல்லாதாம்! கணக்கு டீச்சரான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எதைச் சொன்னாலும், "இதை இதுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேளுங்கள், அதுதான் பாடம் என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தினேன்.

எட்டாம் வகுப்பு மாயம்மாள் விளையாட்டாக ஒரு கல்யாணப் பொருத்த புரோகிராம் எழுதினாள். எந்த இரண்டு பெயரைக் கொடுத்தாலும் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று காட்டும். அவ்வளவுதான்.

விஷயம் தெரியாத ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடிவந்து, தன் மகள் பெயரையும் ஆலுவா வரன் பெயரையும் அடிக்கச் சொன்னார். பத்துக்குப் பத்து! கையெடுத்துக் கும்பிட்டார்.

மாயம்மாளுக்கே பாவமாகிவிட்டது. குட்டு உடையட்டும் என்று 'ஆடு', 'பலா இலை' என்று அடித்துக் காட்டினாள். அதற்கும் பத்துக்குப் பத்து.

"பாத்தேளா, எவ்வளவு சரியாச் சொல்றது!" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ உற்சாகம் தாங்காமல் தன் பெயரையும் வீட்டுக்காரர் வெங்கிடேஸ்வரன் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தானே அடித்தார்.

பத்துக்குப் பத்து.

இந்தத் தடவை கும்பிடவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இதை இதுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"