பாலத்தில் நிற்கும் தனசேகர்

காந்திபுரத்தில் விற்கும் மானிட்டர்களில் மெதுவானவை நடந்து முடிந்ததைக் காட்டும், நடுத்தரமானவை நடப்பதைக் காட்டும், வேகமானவை நடக்கப்போவதைக் காட்டும். விலையும் அந்த வரிசையில்தான்.

கோகிலவாணி வீட்டில் இருந்தது மெதுவானது. கணவன் தனசேகருக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. தினமும் சாயங்காலம் இருவரும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் சந்தித்துக்கொள்வார்கள். அவன் ஒரு மரப்பாலத்தைக் காவல் காப்பான், அவள் பின்னாலிருந்து அவனைக் காக்க வேண்டும். அவள் திரையில் எதிரி தலைகாட்டும்போது அவன் ஏற்கெனவே சுடப்பட்டிருப்பான். நீ வர்றதுக்குள்ள செத்துப்போயிடறேன் என்று ஹெட்போனில் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வேறு மானிட்டர் வாங்கக் கிளம்பினாள்.

விளையாட்டுக்கு என்றதும் கடைக்காரர் ராயப்பன் வேகமான ஒன்றை எடுத்து வைத்தார். எதிரி வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பார்த்துவிடலாம் என்றார். திரையில் மரப்பாலம் பளிச்சென்று தெரிந்தது. பாலத்தில் தனசேகர் இல்லை. மறுகரை வரை போய்ப் பார்த்தாள். சுட வந்தவர்கள், சுட ஆளில்லாமல் கைப்பிடியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்பங்க?"

"அடுத்த வாரமுங்க."

"அவரு எங்க போனாரு?"

ராயப்பன் திரையின் ஓரத்தைத் துடைத்தார். "படம் மட்டுந்தானுங்க முன்னாடி வரும். காரணம் வராதுங்க."

அவள் மஸ்கட்டுக்கு போன் போட்டாள். அவன் ஏதோ மொட்டைமாடியில் வேலையாக இருந்தான். சாப்பிட்டாயிற்று, வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்றான். அடுத்த வாரம் எங்கே இருப்பீர்கள் என்றதற்கு, இங்கேதான், வேறெங்கே போகப்போகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு அவன் இல்லாத பாலத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

கடையில் இருப்பதிலேயே மெதுவான மானிட்டர் எது என்று கேட்டாள். ராயப்பன் உள்ளே போய்க் கனமான ஒன்றைத் தூக்கி வந்தார். அதில் ஒரு மாதம் முந்தைய தனசேகர் பாலத்தில் நின்று கையசைத்தான்.

"இதை வெச்சு யாரையும் காப்பாத்த முடியாதுங்க" என்றார் ராயப்பன்.

"அவரு அங்க நின்னாப் போதுமுங்க."

அடுத்த வாரம் தனசேகர் பெட்டிகளோடு வாசலில் நின்றான். கம்பெனியை மூடிவிட்டார்கள். கொடுத்திருந்த போனையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

"உங்கிட்டச் சொல்லத்தான் பாலத்துக்கு வந்தேன், கோகி. வாயெடுக்கறதுக்குள்ள சுட்டுட்டாங்க."

அவள் அவன் மணிக்கட்டை வெகுநேரம் விடவில்லை.

சாயங்காலம் இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். பழைய தனசேகர் பாலத்தில்தான் இருந்தான். எந்தெந்தப் பக்கமிருந்து சுட்டார்கள் என்பது பக்கத்தில் இருந்தவனுக்கு மறக்கவில்லை. இடப்பக்கம் புதர், இப்போது பாறை என்று அவன் சொல்லச் சொல்ல அவள் சுட்டாள். பாலத்தில் இருந்தவன் முதல்முறையாகப் பொழுது சாயும்வரை பிழைத்திருந்தான். அதன்பிறகு ஒருநாளும் அவர்கள் அவனைச் சாகவிடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாலத்தில் இருந்தவன் திரையிலிருந்து திரும்பிப் பார்த்து, கம்பெனியை மூடிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று நிதானமாகச் சொல்லி முடித்தான்.

வெள்ளிக்கிழமை கோகிலவாணி அரிசியைக் கூடுதலாகப் போட்டாள். வீட்டிலிருந்த தனசேகர் ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்குப் போனான். பெட்டிகள் ஒரு ஆளாகத் தூக்க முடியாத கனம் என்று அவனுக்குத் தெரியும்.