நாலு விரல் பட்டு

ஐம்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டுக் கவுனைச் சௌந்தரபாண்டியன் தன் கையாலேயே கட்டிலில் விரித்தார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வேறெந்தக் குடும்பத்திலும் இப்படியொன்று கிடையாது என்பதில் அவருக்கு நெஞ்சு நிமிரும். மலை எஸ்டேட் துரைசானி, அம்மாவைப் பெற்ற பாட்டிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது. தரையில் புரண்ட வாலைப் பாட்டி வெட்டினாள். உப்பிய கையை அம்மா கிருபாராணிக்காகக் குறைத்தார்கள். மணப்பெண்ணின் முதலெழுத்தை அவளைப் பெற்றவள் இடுப்பின் உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்துக் கொடுப்பது வீட்டு வழக்கம்.

இப்போது பேத்தி ஷெர்லினுக்குக் கல்யாணம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஞானசெல்வி அத்தப்பாட்டி வந்தாத்தான் நான் இதப் போடுவேன், தாத்தா."

பஸ் ஏறினால் அரைமணியில் ராசிங்காபுரம். அங்கே இருக்கும் தங்கை ஞானசெல்வி ஐம்பது வருஷமாக அவர் வாசலை மிதித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு மூன்று மாசம் என்று தெரிந்த அன்று, "கறைபட்டவளுக்கு இந்தப் பட்டு கிடையாது" என்று பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டவர் இவர்தான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தன் பக்கம் என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

தையல்காரி ஜோதி கவுனை உள்வெளியாகத் திருப்பினாள்.

"இடுப்பு இம்புட்டு அகலமா இருக்கே அப்பு. உங்க பேத்தி ஈர்க்குச்சியில்ல? நல்லாப் பிடிச்சுத் தைக்கணும்."

"தை."

"இருங்க, இது ஒட்டுப் போட்டது. வயித்துக்கு நேரா நாலு விரல் பட்டு சேத்திருக்காக. மாசமா இருக்க பொண்ணுக்குத்தான் இப்படிச் சேப்போம். அதுவும் ரெண்டு தடவ. ஒருக்கத் தச்சுப் பிரிச்சு, அதே துண்ட மறுபடி தச்சிருக்காக. பழைய ஊசி ஓட்ட அப்படியே இருக்கு, பாருங்க. பட்டுல விழுந்த ஓட்ட மூடாதுல்ல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பழைய ஓட்டைகளின் முனையில் 'கி'. புதுத் தையலின் முனையில் 'ஞா'.

அம்மாவுக்குக் கல்யாணமாகி ஏழாம் மாசமே பிறந்த பிள்ளை அவர். "ஏழு மாசத்துலயே பொறந்தும் எப்படி இருக்கேன் பாரு" என்று ஊரெல்லாம் மார்தட்டியவர்.

தன் வயிற்றுக்குத் தைத்த துண்டைத் தேடியெடுத்து அம்மா மகளுக்கு வைத்துத் தைத்திருக்கிறாள். எழுத்தும் போட்டிருக்கிறாள். அன்று அவள் வாய் திறந்திருந்தால், பெற்ற மகனைத்தான் கறை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன செய்யட்டும் அப்பு?"

"பிரி. எழுத்தையும்."

"உங்க ஆத்தா கையால தச்சதாச்சே…"

"சோலியப் பாரு."

கத்தரி நுனி நகர்ந்தது. சிவப்பு நூல் துணுக்குகள் கீழே உதிர்ந்தன. அந்த நேரம் பார்த்து ஷெர்லின் உள்ளே வந்தாள். கவுனைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓட்டைகள் வழியே 'ஞா' தெளிவாகத் தெரிந்தது.

"தாத்தா, அத்தப்பாட்டி எழுத்தா இது? எப்பப் பிரிச்சீங்க?"

ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பழைய துணி. பூச்சி அரிச்சிருக்கும்" என்றார் அவர்.

ஷெர்லின் அவர் வேட்டியைப் பார்த்தாள். வெள்ளை மடிப்பில் ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கவுனை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"நான் சேலையே கட்டிக்கிறேன், தாத்தா."