டச் விட்டுப் போச்சு

டச் என்ற வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் சும்மா இருக்க விடுவதில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் எழிலன், வண்டியை எங்காவது இடித்துவிட்டு வந்தால் "லேசா டச் ஆயிடுச்சு" என்பார். முன்பக்கம் பாதி நசுங்கியிருக்கும். கல்யாண வீட்டில் பவுடர் போட்டால் டச்சப். சீரியலில் மாமியார் அழுதால் டச்சிங். படித்த கணக்கு மறந்துபோனால் டச் இல்லை. இதற்கெல்லாம் தமிழில் தனித்தனியாக வார்த்தை இருக்கிறது. யாருக்கு அவ்வளவு பொறுமை?

என் அப்பா தில்லைநாதனுக்கு மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான். காட்டுமன்னார்கோயிலில் நெல் விவசாயம். அவர் கையில் இருப்பது பட்டன் ஃபோன், மற்றவர்கள் வைத்திருப்பது டச் ஃபோன். அதோடு முடிந்தது.

அப்பாவும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழிலனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் நின்றபோது, "போ. இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத" என்றார். பண்ணாதே என்றால் பண்ண மாட்டேன். அவர் பெண்தானே நான், பிடிவாதத்தில் மட்டும் குறை வைத்திருப்பாரா? கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நானும் போய்க் கெஞ்சவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஃபோன் அடிக்கும்போதும் அவராக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பேன். இதை எழிலனிடம்கூடச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா வந்து நின்றார். கையில் ஒரு கட்டைப்பை. நன்றாக இளைத்திருந்தார்.

அப்பாவை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அன்று "வாங்க" என்றேன். வேண்டுமென்றேதான். அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் உள்ளே வந்தார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு டச் ஃபோனை எடுத்து நீட்டினார். "சிதம்பரம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடையில வாங்னேன். செகண்ட் ஹேண்டுதான். ஆனா டச் நல்லாருக்குன்னான். நானே தடவிப் பாத்துட்டேன்."

"எனக்கு எதுக்கு?"

"உன்னுதுல டச் போயிடுச்சாமே. பாலகுமாரு சொன்னான்."

பாலகுமார் என் அத்தை மகன். "என்னா சொன்னான்?" என்றேன்.

"வினோதினி பேசுதாடான்னு கேட்டேன். 'அது டச்லயே இல்ல மாமா, டச் வுட்டுப் போயி ரொம்ப நாளாவுது'ன்னான். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பாவம், டச் வேலை செய்யலன்னா புள்ள எப்படி நம்பர் போடும்? அது தெரியாம நான் பாட்டுக்கு கோவிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வருவதற்குள் அழுகையாகிவிட்டது. பண்ணாதே என்று சொன்ன மனுஷன், இரண்டு வருடமாக என் ஃபோனுக்குக் காத்திருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்தா டிவி பக்கத்தில் என் ஃபோன் அடிக்க வேண்டும்? டியூட்டியிலிருந்து எழிலன். விரலால் தள்ளி எடுத்து, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாதான வேலை செய்யுது," என்றார் மெதுவாக.

"ம்."

"அப்ப அவன் சொன்னது?"

ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை. "டச்ல இல்லன்னா ஃபோன் ரிப்பேர்னு அர்த்தமில்லப்பா. பேச்சுவார்த்தை இல்லன்னு அர்த்தம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பையின் காதைப் பிடித்தார். எழுந்து போய்விடுவாரோ என்று நான் வாசலை மறித்து நின்றேன். இவ்வளவு தூரம் பஸ் மாறி வந்த மனுஷனை வாசலிலேயே 'வாங்க' என்று குத்தினேனே, என் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

"போயிடாதப்பா," என்றேன். "நீ இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

அந்த 'நீ' அவருக்குக் கேட்டது. பையைக் கீழே வைத்தார். ஃபோனை என் கையில் திணித்து, கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பய இதத் தமிழ்ல சொல்லித் தொலைச்சிருந்தான்னா," என்றார், "நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேம்மா."