பழைய பெயரில் வழி கேட்டவன்

“அம்மா, வழி கேட்டவங்களுக்குத் தெரிஞ்சே தப்பா சொன்னா, அவங்க அலையற அலைச்சலெல்லாம் யார் கணக்குல சேரும்?” மகள் நேலா சின்ன வயதில் இப்படிக் கேட்டபோது, “சூப் ஆறுது, குடிடி வாயாடி” என்று போஜெனா பேச்சை மாற்றிவிட்டாள்.

பல வருஷம் கழித்து, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். குத்னோவில் தன் வீட்டு வாசலில் அவள் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது, பையும் கையுமாக ஒருவன் வந்து நின்றான்.

“மன்னிக்கணும் அம்மா. ஜூலை இருபத்திரண்டு தெரு எந்தப் பக்கம்? ஃபெலிக்ஸ் ஐயா வீட்டுக்குப் போகணும்.”

போஜெனாவுக்குச் சுருக்கென்றது. பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி போனபோதே அந்தத் தெருப் பெயரும் போய்விட்டது. இப்போது அது புனித பார்பரா தெரு. வெளியூர்க்காரனுக்குப் பழைய பெயர் எப்படித் தெரியும்? எவனிடமோ துப்பு கேட்டு வந்திருக்கிறான். ஃபெலிக்ஸோ தனிக்கட்டை. போன மாதம்தான் எரிவாயு மீட்டர் பார்க்க வந்ததாகச் சொன்ன ஒருவன் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனான்.

“நேரா போங்க. ரயில் கேட்டைத் தாண்டி வலது பக்கம். சர்க்கரை ஆலை வரைக்கும் போயிட்டே இருங்க.”

“ரொம்ப தூரமோ? சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பணும்.”

“கால் இருக்குல்ல?”

“கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும்” என்று தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் தலை மறைந்ததும், துடைப்பத்தோடே ஃபெலிக்ஸ் வீட்டுக்கு ஓடினாள் போஜெனா.

“ஐயா, கதவைச் சாத்துங்க! ஒருத்தன் உங்களைத் தேடறான். தெருவோட பழைய பேரைச் சொல்லிக் கேக்கறான்!”

ஃபெலிக்ஸ் கோட்டு மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“பழைய பேரா? அப்ப அவன் கொன்ராத்துதான்! அக்கா மகன். அந்தக் காலத்துலயே இந்த ஊரை விட்டுப் போன அக்காவுக்குப் புதுப் பேர் எங்க தெரியும்? அவளால இப்ப நடக்க முடியல. அப்பா கல்லறைக்கு விளக்கேத்த மகனை அனுப்பறேன்னா. அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு நானும் போயிடலாம்னு காலையிலேர்ந்து காத்திருக்கேன். எங்க அவன்?”

“வழி... தவறிட்டாரு. கூட்டிட்டு வரேன்.”

ஆலை மதிலோரம், குரைக்கும் காவல் நாய்க்கு எட்டாமல் ஒதுங்கி நின்றவனைக் கண்டுபிடித்தாள்.

“அந்த நாய்கூட என்னைத் திருடன்னு நினைச்சுடுச்சு அம்மா” என்று சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது, கட்டிக்கொண்டு அழவும் ஒரு கிளாஸ் தேநீர் குடிக்கவும்தான் நேரமிருந்தது. கல்லறைத் தோட்டம் ஊரின் மறுகோடியில். பஸ் காத்திருக்காது. கொன்ராத் கொண்டுவந்த கண்ணாடி விளக்கு ஏற்றப்படாமலே ஜன்னலோரம் இருந்தது.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் ஃபெலிக்ஸ், முழங்காலைத் தடவியபடி.

மறுநாள் விடியும் முன்பே போஜெனா ஒரு விளக்கோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஈரப் பாசியை விரலால் சுரண்டிச் சுரண்டிப் பெயர்களைப் படித்து, ஃபெலிக்ஸின் தகப்பனார் கல்லறையைக் கண்டுபிடித்தாள். சருகுகளைத் தள்ளினாள். காற்றில் தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. உடம்பால் மறைத்து மண்டியிட்டபோது திரி பற்றியது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஆட்கள் வரத் தொடங்குமுன் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.